சீறிப் பாய்வது சுலபம், நிற்பதுதான் வித்தை

பழைய டிராக் ரேஸ் காரை மீண்டும் ஓட்டிப் பார்க்கும் ஆசைக்கு ஒரு விலை உண்டு. அதைப் பட்டறையில் காசாகக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் தடத்தில் வேறு விதமாகக் கொடுக்க நேரும்.

மட்டாஞ்சேரியில் இரும்புக்கு ஆயுள் குறைவு. பஜார் ரோட்டின் மிளகு, சுக்குக் கிடங்குகளுக்கு முதுகுப்புறமே காயல். அக்கரையில் வில்லிங்டன் தீவு. உப்புக் காற்று நாள் முழுக்க வீசுகிறது. மழையோ வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் கொட்டித் தீர்க்கிறது. கிடங்கின் பூட்டு, படகின் ஆணி, ஜன்னல் கம்பி எதுவும் தப்புவதில்லை. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பழைய காரை ஷெட்டில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, பதினைந்து வருஷம் கழித்துத் திறந்து பார்த்தால் பெயின்ட் இன்னும் பளபளக்கலாம். அதற்கு அடியில் என்ன மிச்சமிருக்கிறது என்பதுதான் கேள்வி.

அந்தக் கார் கல்யாண ஊர்வலத்துக்குப் போவதென்றால் பெரிய கவலை இல்லை. டிராக் ரேஸுக்குப் போவதென்றால் கதையே வேறு.

டிராக் ரேஸ் என்பது வளைவே இல்லாத பந்தயம். நேரான பாதையில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் பாயும். தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். பத்துப் பதினைந்து விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். பார்ப்பதற்கு இதைவிட எளிய விளையாட்டு கிடையாது. ஆனால் அந்தச் சில விநாடிகளில் ஒரு கார் வருஷக்கணக்கில் தாங்க வேண்டிய பாரத்தை ஒரே மூச்சில் தாங்குகிறது. கிளட்ச், கியர் பாக்ஸ், அச்சு, சேஸி என்று எங்கே பலவீனம் இருந்தாலும் அங்கே உடையும். 1960களிலும் 70களிலும் செய்த காரில் அது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

விமானம் இறங்கிய இடத்தில்

இந்த விளையாட்டு வளர்ந்ததே ராணுவம் கைவிட்ட ஓடுதளங்களில்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் இளைஞர்கள் பழைய கார்களின் என்ஜினைத் தீட்டித் தெருக்களில் ஓட்டிப் பலர் செத்தார்கள். அவர்களைத் தெருவிலிருந்து இழுத்துவர 1950இல் கலிபோர்னியாவின் சான்டா ஆனா விமான நிலைய ஓடுதளத்தில் கட்டணம் வாங்கிப் பந்தயம் நடத்த ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். பிரிட்டனின் புகழ்பெற்ற சான்டா பாட் தடமும் போர்க்கால விமானத் தளம்தான். 1966இல் பந்தயத் தடமானது.

இந்தியாவிலும் அதே கதை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்தில் போட்ட ஓடுதளம் சும்மா கிடந்தது. 1953இல் பிறந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் தடமாக்கியது. அடுத்த முப்பதுக்கும் மேற்பட்ட வருஷங்கள் சோழவரம் என்றாலே கார் பந்தயம் என்று தமிழகம் அறிந்தது. கல்கத்தாக்காரர்களுக்குப் பாரக்பூர் ஓடுதளம். ராஜ குடும்பத்தினரும் தொழிலதிபர்களும் வெளிநாட்டு வண்டிகளில் வந்தார்கள். விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் ரகத்தைச் சேர்ந்த என்சைன் காரையே சோழவரத்தில் ஓட்டினார். மற்றவர்களுக்கு ஃபியட்டும் ஹெரால்டும் அம்பாசடரும். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்த பிறகு சோழவரத்தின் காலம் முடிந்தது.

அந்த நாட்களின் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தால் மயக்கம் வரும். வைக்கோல் கட்டுகள்தான் தடுப்புச் சுவர். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டம். அந்த அழகை மீண்டும் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? அமெரிக்காவில் 1992 முதல் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் பழைய டிராக் கார்களுக்கென்றே மறு சந்திப்பு நடக்கிறது. அங்கே கார் பழையது. தடத்தில் இறங்குகிற காருக்குப் பாதுகாப்பு விதிகள் புதியவை. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நாளின் கதை போதும்.

ஒரு பாதத்தின் விலை

1970 மார்ச் 8. கலிபோர்னியாவின் லயன்ஸ் தடம். அந்தக் காலத்தின் மிகப் பெரிய டிராக் ஓட்டுநர் டான் கார்லிட்ஸ் தன் சொந்தக் காரில் உட்கார்ந்திருக்கிறார். அப்போதைய வழக்கப்படி ராட்சச என்ஜின் அவருக்கு முன்னால். கிளட்ச்சும் கியர் பாக்ஸும் அவருடைய கால்களுக்கு நடுவே. பச்சை விளக்கு விழுந்தது. கார் கிளம்பிய அதே விநாடியில் கியர் பாக்ஸ் வெடிகுண்டு போலச் சிதறியது. கார் இரண்டு துண்டானது. கார்லிட்ஸின் வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. சிதறிய இரும்பு பார்வையாளர் ஒருவரையும் காயப்படுத்தியது.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடியே கார்லிட்ஸ் யோசித்தது ஒன்றைத்தான். என்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால் என்ன? மற்றவர்கள் முயன்று தோற்ற யோசனை அது. அடுத்த ஆண்டே அப்படி ஒரு காருடன் வந்து பொமோனாவில் தேசியப் பந்தயத்தை ஜெயித்தார். சில ஆண்டுகளில் அந்த ரகக் கார்கள் எல்லாமே என்ஜினைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன.

கார்லிட்ஸ் கவனக்குறைவானவர் அல்ல. அன்று உலகத்தில் கிடைத்த அறிவு அவ்வளவுதான். இன்று ஒருவர் 1960களின் காரை எடுத்து 1960களின் பாதுகாப்போடு ஓட்டினால், பிறர் உடம்பைக் கொடுத்து வாங்கிய பாடத்தைக் குப்பையில் போடுகிறார் என்றுதான் அர்த்தம்.

பொக்கிஷமா, பந்தயமா?

ஆகவே ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இந்தக் கார் கண்காட்சிக்கா, பந்தயத்துக்கா? இரண்டும் என்று பதில் சொல்கிறவர்கள் இரண்டையும் கெடுக்கிறார்கள்.

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். புதிய பதிவுக்கு ரூ. 20,000, பத்தாண்டு கழித்துப் புதுப்பிக்க ரூ. 5,000. நம்பர் பிளேட்டில் ‘வி ஏ’ என்ற எழுத்துகள். கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போடவும் பராமரிக்கவும் ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கோ வியாபாரத்துக்கோ கூடாது. முக்கியமான நிபந்தனை வேறு: சேஸியிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது.

டிராக் ரேஸ் கேட்பதோ அந்த மாற்றத்தைத்தான். உள்ளே இரும்புக் கூண்டு வெல்டிங் செய்ய வேண்டும், தரையை வெட்ட வேண்டும், பிரேக்கை மாற்ற வேண்டும். இவ்வளவும் செய்த வண்டி அந்த வரையறைக்குள் நிற்பது கஷ்டம். சாதாரணப் பதிவில் சாலையில் ஓட்டவும் வழியில்லை. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கும் பதிவுச் சான்றிதழுக்கும் முரணாக வாகனத்தை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. எனவே பந்தயத்துக்கு மாற்றிய கார் தடத்துக்கு லாரியில் ஏறித்தான் போக வேண்டும்.

விவரமறிந்தவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பழுதில்லாமல் அசலாக மிஞ்சிய அபூர்வமான காரைத் தொடுவதில்லை. ஏற்கெனவே துருப்பிடித்து, என்ஜின் மாறி, பாதி உயிர் போன வண்டியைப் பந்தயத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். வரலாறும் பிழைக்கிறது, ஓட்டுகிறவரும் பிழைக்கிறார்.

பட்டிக்கு அடியில்

வேலை தொடங்குவது டிங்கரிங் பட்டறையில். முதல் ஆயுதம் பத்து ரூபாய்க் காந்தம். கதவுக்குக் கீழே, சக்கர வளைவில், தரைத் தகட்டின் ஓரத்தில் அதை வைத்துப் பார்த்தால் ஒட்டாத இடமெல்லாம் பட்டி பூசி மறைத்த ஓட்டை. பட்டியைச் சுரண்டி எடுத்தால் வண்டியின் உண்மையான வயது தெரியும்.

வெளியே தெரியும் துருவைவிடக் குழாய்க்குள் இருக்கும் துரு ஆபத்தானது. பழைய பந்தயக் கார்களில் ஏற்கெனவே ஒரு கூண்டு இருக்கும். அதை நம்பக் கூடாது. அந்தக் காலத்தில் கிடைத்த தண்ணீர்க் குழாயை வளைத்துப் போட்ட கூண்டுகள் ஏராளம். உள்ளே ஈரம் தங்கினால் வெளியே பெயின்ட் கெடாமலே கனம் பாதியாகிவிடும். அமெரிக்க விதிப்படி தலைக்கு மேல் வரும் வளைவுக்கு ஒன்றே முக்கால் அங்குல விட்டமுள்ள குழாய் வேண்டும். சாதாரண எஃகு என்றால் சுவரின் கனம் 0.118 அங்குலம், அதாவது 3 மில்லிமீட்டர். குரோம் மாலி எஃகு என்றால் 0.083 அங்குலம் போதும்.

கனத்தை அறிய குழாயை வெட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இங்கே கொச்சிக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கப்பல் பழுது பார்க்கிற ஊர் இது. கடல் நீர் தின்ற கப்பல் தகட்டின் மிச்சக் கனத்தை அல்ட்ராசானிக் கருவியால் அளப்பது அந்தத் தொழிலில் அன்றாட வேலை. அதே கருவி கூண்டுக் குழாயையும் அளக்கும். வெல்டிங் பற்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்ட, சிவப்புச் சாயம் தடவித் துடைத்து வெள்ளைப் பொடி தூவும் சோதனையும் அங்கே பழக்கமானதுதான்.

புதுக் கூண்டு போடும்போது இரண்டு விஷயம். கால் ஊன்றும் இடத்தில் தகட்டுக்கு மேலே நேராக வெல்டிங் வைத்தால், கார் உருளும்போது குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும். கனமான பட்டை வைத்துப் பாரத்தைப் பரப்ப வேண்டும். இரண்டாவது, ஹெல்மெட் உரசக் கூடிய இடமெல்லாம் பஞ்சு உறை. காப்பாற்ற வந்த குழாயே மண்டையை உடைக்கக் கூடாது.

காலடியில் குண்டு

கார்லிட்ஸ் கற்ற பாடம் கிளட்ச்சும் கியர் பாக்ஸும் இருக்கும் இடத்தில் பயன்படும். பழைய கார்களின் ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு. அது நிமிஷத்துக்கு 4,500 சுற்று சுற்றும் என்ஜினுக்காகச் செய்தது. என்ஜினைத் தீட்டி 7,000 சுற்றுக்கு ஏற்றினால் அந்தச் சக்கரத்தைப் பிய்க்கப் பார்க்கும் விசை ஒன்றரை மடங்கு ஆவதில்லை, கிட்டத்தட்ட 2.4 மடங்கு ஆகிறது. வேகம் கூடும் விகிதத்தின் வர்க்கமாக விசை கூடும். ஐம்பது வருஷத்துச் சூட்டில் விழுந்த மயிரிழை விரிசல் ஒன்று போதும், அது சிதற. சிதறினால் துண்டுகள் தரைத் தகட்டைக் காகிதம் போலக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரின் காலுக்கு வரும்.

இதற்கு மருந்து இரண்டு. வார்ப்பிரும்பை எடுத்துவிட்டுச் சோதிக்கப்பட்ட எஃகு ஃப்ளைவீல் போடுவது. அதைச் சுற்றி, சிதறினாலும் வெளியே விடாத எஃகு உறை போடுவது. இத்தகைய பாகங்களுக்கு அமெரிக்காவில் எஸ்.எஃப்.ஐ. என்ற அமைப்பின் தர முத்திரை உண்டு. அதில் தேதி இருக்கும். குறிப்பிட்ட காலம் கழிந்தால் மறு சோதனை.

அடுத்தது புரொப்பல்லர் ஷாஃப்ட். முன் ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்டின் முன்முனை தொப்பென்று தரையில் விழும். பின்முனை இன்னும் அச்சோடு இணைந்திருக்கும். கம்பு ஊன்றித் தாண்டுகிற வீரனைப் போலக் கார் எகிறும். முன் ஜாயின்டை ஒட்டிச் சுற்றிலும் ஓர் எஃகு வளையம் போட்டுவிட்டால் ஷாஃப்ட் அதில் தொங்கிக்கொண்டு நிற்கும். எந்த லேத் பட்டறையிலும் ஒரே நாளில் செய்யக் கூடிய வேலை. செய்யாமல் விடுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

ஆக்ஸிலரேட்டர் கம்பிக்கு ஒன்றுக்கு இரண்டு ஸ்பிரிங் போடுவதும் இதே தர்க்கம். ஒன்று அறுந்தால் மற்றது காலை எடுத்ததும் என்ஜினைத் தணிக்கும்.

நிறுத்தும் கலை

ஓர் அம்பாசடரோ பிரிமியர் பத்மினியோ புதிதாக வந்தபோது 402 மீட்டரைக் கடக்க 20 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்ட வண்டி. அதன் டிரம் பிரேக் அந்த வேகத்துக்குப் போதுமாக இருந்தது. வேறு என்ஜின் போட்டு அதே வண்டி 13 விநாடியில் கடந்தால் முடிவுக் கோட்டில் மணிக்கு 160 கி.மீ. வேகம் இருக்கும். பிரேக் மட்டும் பழையதே.

கணக்கு இரக்கமற்றது. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போகும் காரை மிதமாக, விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வேகம் குறையும்படி நிறுத்தினால் சுமார் 62 மீட்டரில் நிற்கும். 180 கி.மீ. வேகத்தில் போனால்? இரண்டு மடங்கு அல்ல, 250 மீட்டர். பிரேக் உறிஞ்ச வேண்டிய சக்தியும் நாலு மடங்கு. டிரம்மில் பிறந்த சூடு வெளியே போக வழியில்லாமல் லைனர் வழுக்க ஆரம்பிக்கும். எனவே முன் சக்கரங்களுக்காவது டிஸ்க் பிரேக் வேண்டும்.

ஈரக் காற்றின் ஊர்களில் பிரேக் ஆயிலும் கவனிக்க வேண்டியது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி சூட்டில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி. பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. ஒவ்வொரு பந்தயப் பருவத்துக்கும் புது ஆயில் என்பதே நல்ல பழக்கம்.

டயரில் சிக்கனம் கூடவே கூடாது. பள்ளம் நிறைய இருப்பதால் நல்ல டயர் என்று நினைப்பது ஏமாற்று. ரப்பர் ஓடாமலே கிழடாகும். 2000க்குப் பிறகு வந்த டயர்களின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மூன்றே இலக்கம் என்றால் அது போன நூற்றாண்டுச் சரக்கு, சுவரில் மாட்டி வைக்கலாம். பழைய மக்னீசியம் வீல்களுக்கும் அதே மரியாதைதான். உப்புக் காற்றில் அவை உள்ளே பொடிந்து வெளியே மினுக்கும். வீல் போல்ட்டுக்கு ஓர் எளிய விதி: 12 மி.மீ. போல்ட் என்றால் நட் குறைந்தது 12 மி.மீ. ஆழத்துக்காவது மரையைப் பிடித்திருக்க வேண்டும்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எடுக்கிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அதன் பின் சக்கரங்கள் ஊஞ்சல் மாதிரி ஆடும் அச்சில் இருப்பவை. வேகத்தில் திடீரென்று காலை எடுத்தால் பின்பக்கம் தூக்கிச் சக்கரம் உள்ளே மடியப் பார்க்கும். லீஃப் ஸ்பிரிங் வண்டிகளில் நேர்மாறான தொல்லை: பாயும்போது அச்சு முறுக்கிக்கொண்டு சக்கரம் தாறுமாறாக குதிக்கும். முறுக்கைத் தடுக்கும் கம்பி பொருத்தினால் அது அடங்கும். வண்டி நேரே போகும்.

நெருப்புக்கு வழி

2025 முதல் நாடெங்கும் பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்களின் ரப்பர் ஹோஸ், கார்க் வாஷர், டேங்க்கின் உள்பூச்சு எதுவும் எத்தனாலுக்காகச் செய்ததில்லை. ரப்பர் உப்பி, மெத்தென்றாகி, வெடிக்கும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். கொச்சி மாதிரி ஊரில் மாதக்கணக்கில் டேங்க்கில் விட்டால் அடியில் நீர் பிரிந்து நிற்கும், துருவும் பிடிக்கும். என்ஜின் சூட்டுக்கு மேலே பெட்ரோல் கசியும் ஒரு ஹோஸ் போதும், கதை முடிய. ஆகவே பெட்ரோல் பாதை முழுவதையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்ற வேண்டும். கிளட்ச், ஃப்ளைவீல் அருகே அது போகவே கூடாது.

காரின் பின்புறம் வெளியே ஒரு சுவிட்ச். யார் ஓடி வந்து தட்டினாலும் பாட்டரி துண்டாகி, என்ஜினும் பெட்ரோல் பம்ப்பும் நிற்க வேண்டும். என்ஜின் அறைக்கும் ஓட்டுநருக்கும் நடுவிலுள்ள தகட்டில் பழைய ஒயர்கள் போன ஓட்டை ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. நெருப்பு ஓட்டை தேடி வரும். ரேடியேட்டர் வழிந்தால் பிடிக்க ஒரு டப்பா வைப்பது பக்கத்துக் காருக்கான மரியாதை. தடத்தில் சிந்திய நீர் அடுத்து வருகிறவரின் டயரை வழுக்கும்.

உடைகளுக்கும் கணக்கு உண்டு. எஸ்.எஃப்.ஐ. முத்திரையின் முதல் நிலை உடை, நேர் நெருப்பில் தோல் கொப்பளிக்கும் முன் சுமார் 3 விநாடி கொடுக்கும். ஐந்தாம் நிலை உடை 10 விநாடி. பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து, கூண்டுக் குழாயைத் தாண்டி வெளியே வர எத்தனை விநாடி ஆகிறது என்று காரில் உட்கார்ந்து கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டு உடை வாங்குவதே புத்திசாலித்தனம். உள்ளே பாலியஸ்டர் பனியன் போட்டால் அது உருகித் தோலோடு ஒட்டும். பருத்திதான் நல்லது.

பெல்ட்டின் நாடா வெயிலில் உயிர் இழக்கும், எஸ்.எஃப்.ஐ. முத்திரை பெற்ற பெல்ட்டுக்கு இரண்டே வருஷம் ஆயுள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் உதவாது. ஸ்னெல் அமைப்பின் எஸ்.ஏ. ரக கார் ஹெல்மெட்டில் நெருப்புச் சோதனையும் சேர்த்தி, மோட்டார் சைக்கிள் ரகத்தில் அது இல்லை.

தடமும் தெருவும்

கார் தயாராகிவிட்டது. ஓட்டுவது எங்கே?

பதில் சிலருக்கு நள்ளிரவில் காலியாகக் கிடக்கும் அகலச் சாலை. கொச்சியிலும் சென்னையிலும் அந்தச் சபலம் ஒன்றுதான். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவுப்படி முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது ரூ. 5,000 வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஒரு வருஷம் வரை, ரூ. 10,000 வரை. சாலையின் உண்மையான தண்டனையை அந்தப் பிரிவு சொல்லவில்லை. எதிரே வரும் சைக்கிள்காரருக்குக் கூண்டும் இல்லை, ஹெல்மெட்டும் இல்லை.

தடம் என்றால் நிற்க இடம் உண்டு. அதுதான் அதன் முக்கிய அம்சம். 2008 ஜூன் 21 அன்று அமெரிக்காவின் இங்கிலிஷ்டவுன் தடத்தில் இரண்டு முறை தேசிய சாம்பியனான ஸ்காட் கலிட்டாவின் கார் என்ஜின் வெடித்து, வேகம் குறையாமல் ஓடுபாதையின் கடைசி வரை போய் மோதியது. அவர் பிழைக்கவில்லை. இரண்டே வாரத்தில் மிக வேகமான பிரிவுகளுக்குத் தூரத்தை 402 மீட்டரிலிருந்து 1,000 அடிக்கு, அதாவது 305 மீட்டருக்குக் குறைத்தார்கள். மிச்சமான தூரம் நிற்பதற்கு.

நம் ஊரிலும் பாடம் தூரத்தில் இல்லை. 2023 ஜனவரி 8 அன்று இருங்காட்டுக்கோட்டையில், இன்று மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று அழைக்கப்படும் தடத்தில், தேசிய கார் பந்தயத்தின்போது 59 வயதான மூத்த ஓட்டுநர் கே.ஈ. குமார் விபத்தில் இறந்தார். அனுபவம் நிறைந்தவர், முறையான தடம், முறையான பந்தயம். அப்படியும் நடக்கிறது என்றால், அந்த முறைகளில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க முடியாது என்றுதான் ஆகிறது.

மட்டாஞ்சேரியிலிருந்து லாரியில் காரை ஏற்றினால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவை சுமார் 200 கி.மீ. அங்கே செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி 800 என்ஜினை வைத்துக் குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி, கோவையைப் பந்தய ஊராக்கி, 1995இல் விமான விபத்தில் மறைந்த எஸ். கரிவரதனின் பெயர் அதற்கு. இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்களின் கூட்டமைப்பு அங்கீகரிக்கும் பந்தயம் என்றால் லைசென்ஸ் வேண்டும், காரைப் பரிசோதகர்கள் தட்டிப் பார்ப்பார்கள். அவர்களை எதிரியாகப் பார்ப்பது புதியவர்களின் வழக்கம். இலவசமாகக் கிடைக்கும் இரண்டாவது ஜோடிக் கண் என்று பார்ப்பது பழுத்தவர்களின் வழக்கம்.

முதல் ஓட்டத்திலேயே முழு வேகம் காட்டுவதும் புதியவர்களின் வழக்கம்தான். அனுபவசாலிகள் முதலில் 20 மீட்டர் பாய்ந்து காலை எடுத்துவிடுவார்கள். காரைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு நட்டும் இருக்கிறதா, எங்காவது ஆயில் கசிகிறதா, கூண்டின் வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு பாதித் தூரம். மறுபடி பார்வை. முழுத் தூரம் அன்று மாலையோ, அடுத்த தடவையோ.

டிராக் ரேஸில் ஒரு நியாயமான பிரிவு உண்டு. ஒவ்வொருவரும் தன் கார் எத்தனை விநாடியில் கடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். மெதுவான காருக்கு அதற்கேற்ப முன்னதாகப் பச்சை விளக்கு. சொன்ன நேரத்தைவிட வேகமாக ஓடினால் பெரும்பாலும் தோல்விதான். 17 விநாடிப் பத்மினி 12 விநாடிக் காரை அங்கே ஜெயிக்கலாம். ஜெயிக்கத் தேவை அசுர என்ஜின் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஓடுகிற, எதுவும் உடையாத, சொன்ன சொல் தவறாத கார்.

பழைய காருக்கு ஏற்ற பந்தயம் அதுவே. ஷெட்டிலிருந்து அதை வெளியே எடுத்தவர் ஜெயிக்கலாம், தோற்கலாம். மாலையில் அதே காரை லாரியில் ஏற்றிக்கொண்டு, தன் காலால் நடந்துபோய் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மட்டாஞ்சேரிக்குத் திரும்பிவிட வேண்டும். தார்ப்பாய் போடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கும்: டேங்க்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலை வடித்துவிடுவது.